சம்பந்தியின் முழங்கால் முழுக்கு

தொப்பலூர் என்று ஓர் ஊர் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள், போய்வந்தவர்களே நம்புவதில்லை. மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி. ஆழம் பார்க்க முங்கியவர் யாரும் மேலே வந்து சொன்னதில்லை. ஊர் நாட்டாமை சிங்காரம். தன்னைப் போல ஒரு மண்டு இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். எப்போதும் கூடவே திரியும் குப்பமுத்துவையும் வீரணனையும் கேட்டுத்தான் செய்வார். ஊர் கெட்டதே அதனால்தான்.

அவர் மகள் தெய்வானைக்கு ஒரு வரன் வந்திருந்தது. இதற்கு முன் வந்தவர்களெல்லாம் நாட்டாமையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிப்போனார்கள். இதுவும் தட்டிப்போனால் பெண் வீட்டோடுதான் என்று சிங்காரத்துக்குச் சோறு இறங்கவில்லை. தொப்பலூர் வழக்கப்படி, மாப்பிள்ளையின் அப்பா பெண் ஊர் ஏரியில் முழுகிய பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். வரப்போகிற சம்பந்தி திருமேனிக்கோ முழங்கால் வாதம். "குளுந்த தண்ணி எனக்கு ஆகாது. உங்க ஏரி கோடையில வெதுவெதுன்னு இருக்குமாமே, அதனாலதான் வர்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அவர் வருவதற்குள் மேற்கேயிருந்து மேல்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மேற்குக் கரைப் படித்துறையில் கால் வைத்த சிங்காரம் "ஐயோ!" என்று அலறினார். தண்ணீர் ஐஸாக இருந்தது.

"கிழக்குக் கரைக்காரனுங்க நம்ம வெந்நீரைத் திருடிட்டானுங்க நாட்டாமை" என்றான் குப்பமுத்து.

"பட்டப்பகல்லயா?"

"பகல்லதானே சூடா இருக்கும்?"

நியாயந்தான் என்றார் சிங்காரம்.

ஓர் அண்டா வெந்நீர் போட்டுச் சம்பந்தி தலையில் ஊற்றலாமே என்றாள் தெய்வானை. வழக்கம் ஏரி முழுக்குத்தானே தவிர அண்டா முழுக்கு இல்லை என்று வீரணன் அடித்துப் பேசினான். ஆகவே அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஏரியில் ஊற்றினார்கள். பொழுது சாயும்வரை ஊற்றியும் ஏரிக்கு உறைக்கவில்லை. ஊரில் விறகுதான் தீர்ந்தது.

ஏரியை ஆராய வந்திருந்த ஹெப்சிபா என்ற அம்மாள் இதைப் பார்த்துவிட்டுப் படகை நிறுத்தினாள். "அண்ணே, யாரும் திருடலை. சூடான தண்ணி லேசு, மேல போர்வை மாதிரி கிடக்கும். குளுந்த தண்ணி கனம், அடியில கிடக்கும். காத்து அந்தப் போர்வையைக் கிழக்கே தள்ளிக் குவிச்சிருச்சு. அதான் இங்க அடித்தண்ணி மேல வந்திருக்கு. காத்து நின்னா போர்வை தானா திரும்பும். ஆனா நிலையா நிக்காது. உள்ளுக்குள்ள அலையா அங்கயும் இங்கயும் போய்ப் போய் வரும். மேல பார்த்தா ஏரி சும்மா கிடக்கிற மாதிரிதான் இருக்கும்."

இது தன் மண்டையில் ஏறாது என்று சிங்காரத்துக்குத் தெரியும். அதனால் மற்றவர்களைவிடப் பலமாகத் தலையாட்டினார்.

"போர்வைன்னா நுனி இருக்கணும். கிழக்கே போய் நுனியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவோம்" என்றான் வீரணன்.

"அம்மா, போர்வை என்ன கலரு?" என்று கேட்டான் குப்பமுத்து. ஹெப்சிபா படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க ஊரே கிழக்குக் கரையில் தொரட்டி போட்டு இழுத்தது. பாசி வந்தது, கிழிந்த வலை வந்தது, வீரணனின் வேட்டி வந்தது. அப்போது அது அவன் இடுப்பில்தான் இருந்தது. சாயங்காலம் காற்று தானாக நின்றது. விடிந்து பார்த்தால் மேற்குப் படித்துறை வெதுவெதுவென்று இருக்கிறது! நாம் இழுத்த இழுப்பு அப்படி என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சிங்காரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

சம்பந்தி வந்தார், விரலை விட்டுப் பார்த்தார், "அடடா!" என்றார். பலகாரம் சாப்பிட்டுவிட்டு முழுகுகிறேன் என்று உட்கார்ந்தவர் உச்சிப்பொழுதுவரை எழுந்திருக்கவில்லை. அதற்குள் போர்வை கிழக்கே திரும்பத் தொடங்கி, இந்தப் பக்கம் மெலிந்திருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் இறங்கியதும் கத்தினார்.

"ஐயையோ, கால் விறைக்குதே! இந்தச் சம்பந்தமே வேண்டாம்யா!"

சிங்காரம் திரும்பிப் பார்த்தார். பட்டுப்புடவை கட்டிய மகள் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சம்பந்தி, மேல எப்படி இருக்கு?"

"நெஞ்சு சூடாத்தான்யா இருக்கு! காலுதான்!"

"வாதம் எங்க?"

"முழங்கால்ல!"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிங்காரம் யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். "சூடு மேல, குளிர் கீழ. ஏரி சரியாத்தான் இருக்கு. நீங்கதான் மாத்தி நிக்கிறீங்க. தலைகீழா முழுகுங்க."

சம்பந்தி யோசித்தார். "அட, எனக்கு இது தோணாமப் போச்சே!"

குப்பமுத்து ஒரு காலையும் வீரணன் ஒரு காலையும் பிடித்துக் கவிழ்த்தார்கள். தலை அடியில் போனது. கால்கள் படபடவென்று உதைத்தன.

"சம்மதம்ங்கிறாரா, வேண்டாம்ங்கிறாரா?" என்று கேட்டான் வீரணன்.

"என் கையில இருக்கிற கால் சம்மதம்ங்குது. உன் கால்?"

"யோசிக்குது."

"பெரிய இடம். அவசரப்படுத்தாதே."

தெய்வானைதான் பட்டுப்புடவையோடு குதித்து, மாமனாரை நிமிர்த்தினாள். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு, அவர் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். ஊரே எட்டிப் பார்த்தது.

"முழங்காலுக்கு ரொம்ப இதம். தட்டை மாத்திக்கலாம்" என்றார் சம்பந்தி. "ஆனா தலைக்குச் சளி பிடிச்சிருச்சு. கல்யாணத்தன்னிக்கும் தலைகீழாவே முழுக்காட்டுங்க. தலை மட்டும் நனையக் கூடாது."

"அதுக்கென்ன சம்பந்தி, முழங்கால் வரைக்கும் விட்டா போதும்" என்று சிங்காரம் ஆனந்தமாகத் தாம்பாளத்தை நீட்டினார். சம்பந்தியின் காலைக் கட்டித் தொங்கவிட, வீரணன் அதற்குள் கயிற்றோடு படித்துறை மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.