காக்காய் உத்தரவு குடுத்தப்புறம் சாப்பிட்ட ராஜா

முருங்கைக்கீரையை உருவிக்கிட்டே சொல்றேன், கேளுங்க. பேச்சியக்கா, நீங்களும் ரெண்டு கொத்து எடுத்துக்கோங்க. எனக்குக் கோர்வையா சொல்ல வராது, நடுவுல சிரிச்சுப்புடாதீங்க.

மலைக்கு அந்தாண்ட ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருக்கு ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு தொப்பை. சபைக்கு முதல்ல தொப்பை வருமாம், அப்புறம்தான் ராஜா வருவாராம். வருசா வருசம் தேரோட்டத்துக்கு, தாத்தா காலத்துத் தங்கக் கச்சையை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ராஜா வடம் தொடணும், அது அந்த ஊரு வழக்கம். அந்த வருசம் கட்டிப் பார்த்தா ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு பார்க்கவே இல்ல.

அரண்மனை வைத்தியர் நீலமேகத்தைக் கூப்பிட்டு, "வைத்தியரே, நான் இளைக்கணும்" ன்னாரு ராஜா.

"அதுக்கென்ன மகாராஜா, இளைச்சுரலாம்" ன்னு வைத்தியர் நெய், வெல்லம், தேன், முந்திரி எல்லாம் போட்டு ஒரு லேகியம் கிண்டிக் குடுத்தாரு. ராஜா முதல்ல விரலால தொட்டு நக்கினாரு, அப்புறம் கரண்டியால அள்ளினாரு, அப்புறம் சட்டியையே மடியில வச்சுக்கிட்டாரு. கச்சை இன்னும் ஒரு சாண் விலகிப்போச்சு.

வைத்தியருக்குப் பயம் வந்துருச்சு. "லேகியத்துல குத்தமில்ல மகாராஜா, சமைக்கிறவ கைவாகுதான் சரியில்ல. அந்தச் செவந்தி கை பட்டா பச்சைத்தண்ணியும் சதை போடும்" ன்னுட்டாரு.

தின்ன வாயை விட்டுட்டு ஆக்கின கையைப் பிடிச்சாங்க பாருங்க. செவந்தி அரண்மனை அடுப்படியில சமைக்கிறவ, கைப்பிள்ளைக்காரி, புருசன் இல்ல. "தேருக்கு ஒரு மண்டலம் இருக்கு. நாப்பத்தெட்டாம் நாள் கச்சை கூடலைன்னா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நாட்டைவிட்டே போயிரு" ன்னாரு ராஜா.

"சாமி, நீங்க கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா..." ன்னு செவந்தி இழுத்தா.

"நான் எங்கடி சாப்பிடுறேன்? திங்கக்கிழமை ஈஸ்வரனுக்கு விரதம், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விரதம், சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். சோத்தைக் கையால தொடுறனா?"

சோத்தைத் தொடமாட்டாருதான். வெறும் பலகாரம். முப்பது இட்லி, பன்னெண்டு அடை, அடைக்கு வெண்ணெய், ஒரு குண்டான் பருப்புப் பாயசம். இட்லியில அரிசி இருக்கேன்னு கேக்காதீங்க, அரைச்சுட்டா அது அரிசி இல்லையாம். மறுநாள், நேத்து பட்டினி கிடந்த உடம்புன்னு ரெண்டு பங்கு சோறு. அப்படிப் பாக்காதீங்க பேச்சியக்கா, நான் ராஜாவைத்தான் சொல்றேன்.

அடுத்த திங்கக்கிழமை ராணி, மந்திரி எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்கிறப்ப, செவந்தி பலகாரத்தைக் கொண்டாந்து, இலையில வைக்காம நின்னா.

"சாமி மாதிரி பக்தி யாருக்கு வரும்? எங்க தெருவுல நாங்களே விரதத்தன்னைக்குக் காக்காய்க்கு வச்சு, அது எடுத்தப்புறம்தான் வாயில வைப்போம். சாமி தன் கையால வைக்காம சாப்பிட்டா விரதம் சேருமா?"

அத்தனை பேர் முன்னால இல்லைன்னு சொல்ல முடியுமா? ராஜா ஒரு இட்லியை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாரு. நூத்திப்பத்து படி. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறி, கா கான்னு கூப்பிட்டு, காக்காய் எடுத்தப்புறம் இறங்கிவந்து இட்லி தின்னாரு. அடைக்குக் கை நீட்டினாரு.

"சாமி, காக்காய் இட்லிக்குத்தான உத்தரவு குடுத்துச்சு?"

ஏறினாரு, இறங்கினாரு, அடை தின்னாரு. பாயசத்துக்குக் கை நீட்டினாரு.

"சாமி, காக்காய் அடைக்குத்தான உத்தரவு குடுத்துச்சு?"

ஏறினாரு, இறங்கினாரு, பாயசம் குடிச்சாரு. லேகியச் சட்டியைத் தொட்டாரு.

"சாமி..."

"தெரியும்டி, வாயை மூடு" ன்னு லேகியத்தையும் ஒரு உருண்டை எடுத்துக்கிட்டு ஏறினாரு.

விரதம் இல்லாத நாளும் இதேதான். "தேர் வரைக்கும் இது மண்டல விரதம், நடுவுல ஒருநாள் விட்டாலும் திரும்ப முதல்ல இருந்து எண்ணணும் சாமி" ன்னுட்டா செவந்தி.

பத்தாம் நாள் ராஜா, "பாயசம் வேணாம், முழங்கால் வலிக்குது" ன்னாரு. இருபதாம் நாள் "அடையும் வேணாம்" ன்னாரு. முப்பதாம் நாள், இதுக்காக ஒருதரம் யாரு ஏறுறதுன்னு லேகியச் சட்டியை மேலயே வச்சுட்டு வந்துட்டாரு. வைத்தியர் கிண்டக் கிண்ட அதுவும் மேலயே போச்சு. கடைசியில, "கூழ் மட்டும் ஊத்து தாயி, ஒரு ஏத்தத்தோட போகட்டும்" ங்கிற நிலைமைக்கு வந்துட்டாரு.

நாப்பத்தெட்டாம் நாள் கச்சை கூடி, மேல நாலு விரக்கடை மிச்சம்.

"பார்த்தீங்களா, பக்தியில இளைச்சுட்டேன்" ன்னாரு ராஜா.

வைத்தியர் விடுவாரா? "பக்தியும்தான் மகாராஜா. ஆனா சதையைக் கரைச்சது என் லேகியம். இவ கையையும் மீறிக் கரைச்சிருக்கு. இவளை இனிமே வச்சுக்கிட்டா மறுபடி ஊதிருவீங்க, அனுப்பிருங்க" ன்னாரு.

செவந்தி தலையை நிமித்தாமலே, "அந்த லேகியத்தை நிறைய தின்னவங்க மாடியில இருக்காங்க சாமி, ஒருதரம் பாருங்க" ன்னா.

எல்லாரும் ஏறினாங்க. ராஜா விறுவிறுன்னு முதல்ல போயிட்டாரு, வைத்தியர் பத்து படிக்கு ஒருதரம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாரு. மேல பார்த்தா காக்காய் ஒவ்வொண்ணும் வாத்து மாதிரி. கையைத் தட்டினாலும் பறக்கல. காலால தள்ளினா உருளுது. ராஜா காக்காயைப் பார்த்தாரு, சட்டியைப் பார்த்தாரு, வைத்தியரைப் பார்த்தாரு.

"வைத்தியரே, இதுதான் இளைக்கிற லேகியமா?"

"மனுசருக்கு மகாராஜா, பறவைக்கு அது வேற..."

"சரி. இதுக ஒவ்வொண்ணும் பறக்கிற வரைக்கும் நீர்தான் விரட்டி விரட்டி இளைக்க வைக்கணும். பசிச்சா கீழ வந்து ஒரு வாய் வாங்கிக்கிட்டு ஏறும். அடுத்த வாய்க்கு மறுபடி இறங்கும்."

செவந்திக்கு என்ன குடுத்தாருன்னு கேக்குறீங்களா? நாட்டைவிட்டுத் துரத்தல, அதுவே பெரிய மனசாம். அவ பிள்ளையை இடுப்புல இடுக்கிக்கிட்டு அடுப்பு பத்தவைக்கப் போயிட்டா.

வைத்தியர் இன்னமும் அந்த மாடியில ஓடிக்கிட்டுத்தான் இருக்காராம். அதனால சொல்றேன், தின்னது எவரு வாயோ, படி ஏறவேண்டியதும் அவரு காலுதான், அதை விட்டுட்டு ஆக்கிப்போட்டவ கையைக் குத்தம் சொன்னா கடைசியில... இந்தா, வந்துட்டேன் அத்தை! பிள்ளை எந்திரிச்சு அழுவுதாம், மாமியார் கூப்பிடுறாங்க, நான் வர்றேன் பேச்சியக்கா.