கரடி ஏன் ஊதிவிட்டு உண்கிறது

அந்தக் காலத்தில் மலையில் மனிதரும் விலங்கும் ஒரே சுனையில் நீர் குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுக் கலைவார்கள். அப்போது மொங்கான் என்ற கரடியை ஒரு குழப்பம் பிடித்துக்கொண்டது. அவனுடைய மேல்வரிசையின் நடுவில் இருந்த இரண்டு பற்கள் ஆடத் தொடங்கின. கல்லைக் கடித்தானா, எலும்பைக் கடித்தானா? தேனையும் பழத்தையும் தவிர வேறெதுவும் தொடாத வாய் அது. மூங்கிலை முறித்துத் தின்னும் யானைக்கே பல் ஆடவில்லை, மெத்தென்று தின்னும் தனக்கு ஏன் ஆடவேண்டும்? எல்லாப் பற்களும் போனால் பட்டினிதான்.

தேனெடுக்கும் பெண் மாதி சுனையோரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் வாயைத் திறந்து காட்டினான்.

“அடக் கொடுமையே! தேன் தின்னுட்டு அப்படியே தூங்கிடுவியா அண்ணே?”

“பின்னே? இனிச்ச வாயோட தூங்குறதுதானே சொகம்?”

“பல்லுக்கு மேல கல்லு மாதிரி ஒரு தோல் இருக்கு. ஒட்டிக்கிட்ட இனிப்பைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க தின்னுட்டுப் புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்புதான் தோலைக் கரைக்குது.”

“தின்னது இனிப்பு, கெடுக்குறது புளிப்பா?” மொங்கானுக்குத் தலை சுற்றியது.

மாதி கடுக்காய்த்தூளும் உப்பும் கலந்த சுனைநீரைச் சுரைக்குடுக்கையில் கொடுத்தாள். “கடுக்காயும் உப்பும் பூச்சியை அடக்கும். இந்தத் தண்ணியில பாறையோட சத்து இருக்கு, இளகின தோலை அது மறுபடி இறுக்கும். நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு.” சொல்லிவிட்டு அடுத்த மலைக்குத் தேனெடுக்கப் போய்விட்டாள்.

துப்புவதா? வாய்க்குள் வந்ததை வெளியே விடுவது கரடிக் குலத்தில் யாருமே செய்யாத காரியம். பாவம், அவசரத்தில் வாய்தவறிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து, மொங்கான் மடக்கென்று விழுங்கினான். துவர்ப்புத் தாங்காமல் மேலே கொஞ்சம் தேனையும் நக்கிக்கொண்டான். குடுக்கை தீரும்வரை இப்படியே நடந்தது. ஒரு காலையில் இரண்டு பற்களும் தேனடையோடு வந்துவிட்டன.

மாதி திரும்பி வந்தபோது அவன் சுனையோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

“துப்புனியா?”

“முழுங்கினேன்.”

“உனக்குப் பல்லு வயித்துலயா இருக்கு? மருந்து பல்லுல படணும் அண்ணே. போனது முளைக்காது, மிச்சத்தையாவது காப்பாத்து.”

மொங்கான் துப்பக் கற்றுக்கொண்டான். மற்றப் பற்கள் பிழைத்தன. தேனைக் குறைத்துக்கொண்டு கறையான் பக்கம் திரும்பினான். ஆனால் துப்ப வேண்டியது தின்பதற்கு முன்னாலா பின்னாலா? அவள் சொல்லவே இல்லையா, சொல்லியும் தான் மறந்ததா? மறுபடி போய்க் கேட்க வெட்கம்.

அன்று முதல்தான் கரடிக்கு மேல்வரிசை நடுவில் இரண்டு பற்கள் இல்லை. புற்றைக் கிளறியதும் முதலில் துப்புவதுபோல ‘ப்பூ’ என்று ஊதுகிறது, பல் போன சந்து வழியே கறையானை உறிஞ்சுகிறது, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை ஊதிக்கொள்கிறது.