குருவிக்கு இட்ட திரை

பறவைகளும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வடிவுடையாள் என்னும் இல்லத்தரசி வாழ்ந்தாள். நாள்தோறும் இறைவனுக்கு அமுது படைத்து, திரையிட்டு, அவன் உண்ணும் பொழுதில் பாராமல் விலகி நிற்பாள். பிறகு முறத்தில் நொய் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். பவழமல்லியடியில் காத்திருக்கும் பறவைகள் உண்ட பின்னரே அவள் வாயில் நீர் படும்.

ஒருநாள் மைனா ஒன்று உண்டு முடித்து, "உன் கை வாழ்க, தாயே" என்றது. அச்சொல்லை அவள் அன்று முழுதும் அடுப்படியில் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் கிளி வாழ்த்தியது. அதற்கடுத்த நாள் புறா. சில திங்களில் அதுவே வழக்கமாயிற்று. வாழ்த்தாத பறவையிடமிருந்து முறத்தை நகர்த்திவிடுவாள்.

கணவன் ஆதன் கிணற்றடியில் நின்று இதைப் பார்த்துச் சிரிப்பான். "அவற்றின் பசிக்கு உன் நொய், உன் பசிக்கு அவற்றின் வாழ்த்து. இதில் யார் யாருக்கு அமுது படைக்கிறீர்கள், வடிவு?"

"என் சமையலை நீங்கள் ஒருநாளாவது வாய்விட்டுப் புகழ்ந்திருந்தால், நான் ஏன் மைனாவிடம் போகிறேன்?" என்று அவளும் விடமாட்டாள்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பிடித்துக்கொண்டது. புழு பூச்சிகூட அகப்படவில்லை. நான்காம் நாள் காலை, வீட்டில் எஞ்சிய கடைசிப் பிடி நொய்யைத் தாழ்வாரத்தில் வைத்தாள். வலிய பறவைகள் முந்தி உண்டு, வாழ்த்திப் பறந்தன. உயரத்துச் சுவர்ப் பொந்தில் இரு குஞ்சுகளை வைத்திருந்த சிட்டுக்குருவி, நனைந்த சிறகோடு கடைசியில் வந்தது. மிஞ்சிய நாலைந்து மணிகளை அலகில் அடக்கிக்கொண்டு எழும்பியது. வடிவுடையாள் முறத்தை உயர்த்தி மறித்தாள்.

"வாழ்த்தாமல் போகிறாயே" என்றாள்.

குருவி அவளைப் பார்த்தது; பொந்தைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, "உன் கை வாழ்க, தாயே" என்றது. மணிகள் தாழ்வாரத்து விளிம்பில் விழுந்து மழைநீரோடு போயின.

அவள் உள்ளே ஓடிச் சோற்றோடு திரும்புவதற்குள், குருவி இரை தேடி மழைக்குள் போய்விட்டிருந்தது. பொந்தோ அவள் கைக்கு எட்டவில்லை. குருவி வெறும் அலகோடு வந்து, அவள் வைத்திருந்த சோற்றைக் கொத்திக்கொண்டு மேலேறியபோது மாலையாகிவிட்டது. ஒரு குஞ்சுதான் வாய் திறந்தது.

மறுநாள் மழை விட்டது. குருவி செம்பருத்திக் கிளையில் வந்து அமர்ந்தது. அதன் குரலில் சினம் இல்லை.

"தாயே, எனக்கு இருப்பது ஒரு வாய். உண்ணவும் அதுதான், குஞ்சுக்கு ஊட்டவும் அதுதான். உன்னை வாழ்த்த அதில் இடமில்லை."

பறவைக்குலம் மனிதரிடம் கடைசியாகப் பேசியது அதுவே.

அன்று இறைவன்முன் திரையை இழுக்கையில் அவள் கை நின்றது. உலகைப் படைத்தவனையே உண்ணும்போது பாராமல் விலகி நின்றவள், ஒரு கைப்பிடி அளவுச் சிட்டை மறித்து நின்று வாழ்த்துக் கேட்டிருந்தாள். நெல் குத்தி நொய் எடுத்துப் போய்ப் பவழமல்லியடியில் இறைத்தாள். தோட்டத்தில் கட்டத் திரை ஏது? தன் முதுகையே திரையாக்கித் திரும்பி நின்றாள். பின்னால் கொத்தும் ஓசை மட்டும் கேட்டது.

அன்று முதல்தான் பறவைகள் நம் மொழியைப் பேசுவதில்லை. தானியம் இறைப்போரும், இறைத்த கையோடு முகம் திருப்பி உள்ளே போய்விடுகிறார்கள்.