மரகதவல்லியின் கையெழுத்து

சக்கர நாற்காலியில் நடமாடும் இருபத்திரண்டு வயது மரகதவல்லி, மாதவிடாய் வலிக்கு மருந்து கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரிய டாக்டரோ அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல், கூட வந்த அண்ணனிடம் ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை நீட்டினார்.

"கர்ப்பப்பையை எடுத்துடலாம். இவளுக்கு எதுக்கு அது? நாளைக்கு எவனாவது கெடுத்தாலும் வெளியே தெரியாது. கையெழுத்துப் போடுப்பா."

அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டு, "ஐயா, உடம்பு என்னோடது, நானே போடறேன். நீங்க இப்பச் சொன்ன காரணத்தை மட்டும் அப்படியே எழுதி, முதல்ல உங்க கையெழுத்தைப் போட்டுக் கொடுங்க" என்றாள்.

வாசலில் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சிவந்து தாளைக் கசக்கினார்.

"சொல்றப்போ நாக்குக் கூசல," என்றாள் மரகதவல்லி, "எழுதறதுக்குத்தான் கை கூசுதா?"