ஒரே ஓடைத் தவளையும் ஊர்சுற்றித் தட்டானும்

மேற்கு மலையில் எல்லா உயிரும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஊதாத் தவளையும் தட்டானும் ஒரே ஓடையில்தான் முட்டையிட்டு வந்தன. இரண்டுக்கும் பிள்ளைகள் ஏராளம். தவளை அப்போது பகலெல்லாம் பாறைமேல் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும்.

ஒரு கோடையில் ஓடை வற்றிப்போனது.

“மேகம் போற பக்கமா நாமளும் போயிருவோம் அக்கா. எங்க தண்ணி கெடக்கோ, அங்க முட்டைய விட்டுருவோம்,” என்றது தட்டான்.

“உனக்கென்ன, றெக்கை இருக்கு. குட்டையில விட்டா என் பிள்ளைங்க பிழைக்காது தங்கச்சி. அதுகளுக்கு ஓடுற தண்ணி வேணும். நான் மண்ணுக்குள்ள ஈரம் பார்த்துக் கெடக்கேன். முத மழை விழுந்ததும் வாலால தரையில தட்டிச் சொல்லு. வெள்ளம் வர்றதுக்குள்ள நான் முட்டை விட்டாகணும்.”

“இதெல்லாம் ஒரு வேலையா? நீ நிம்மதியா போ.”

தவளை நம்பி இறங்கியது. கீழே தின்னக் கறையானுக்குக் குறைவில்லை.

மழையும் வந்தது. தட்டானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, மேகத்தோடு பறந்துவிட்டது. மூன்று மலை தாண்டிய பிறகுதான் சொன்ன சொல் ஞாபகம் வந்து, பதறித் திரும்பியது.

அதற்குள் ஈரம் கீழே இறங்கித் தவளையைத் தானாகவே எழுப்பியிருந்தது. ஆனால் ஓடையில் வெள்ளம் கரைபுரண்டது. இட்ட முட்டைகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பாறை இடுக்கில் சிக்கிய கொஞ்சம்தான் மிஞ்சியது. பாவம், பெற்றவளுக்கு அழக்கூட வரவில்லை.

“மறந்துட்டேன் அக்கா.”

“சரி. இனிமே மழை வந்தா எனக்கே தெரியும். யாரும் வந்து சொல்ல வேண்டாம்.”

தவளை மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது.

தட்டானுக்கு மனசு ஆறவில்லை. இன்றைக்கும் தண்ணீர்போல மினுங்கும் இடத்தில் எல்லாம் வாலால் தட்டி அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. அவசரத்தில் கார் கூரையைக்கூட விடுவதில்லை. தட்டும் இடத்தில் எல்லாம் முட்டை விழுவதால், அதன் குலம் கடல் தாண்டியும் பெருகிக் கிடக்கிறது. உயிரினங்களைக் கணக்கெடுப்பவர்கள் அது அழிந்துபோகும் என்று கவலைப்படுவதே இல்லை.

அன்று பிடித்த பிடிதான்: தவளையின் தலைப்பிரட்டைகள் வெள்ளத்துக்குப் பயந்து வாயால் பாறையைக் கவ்விக்கொள்கின்றன. தாய் வருஷத்தில் சில நாள் மட்டும் மேலே வந்து, பழைய ஓடையிலேயே முட்டையிட்டுப் போகிறது. அந்த ஓடையை யாராவது மறித்துவிட்டால், அதற்குப் போக வேறு இடம் இல்லை.