கரட்டடிப்பட்டியில் மட்டும் கேட்காத ரேடியோ

முல்லைச்சாரல் எஃப்.எம்.மின் தொழில்நுட்ப அதிகாரி தெய்வசிகாமணி வாயைத் திறந்தால் அவருடைய ஸ்டேஷனின் எல்லை பத்து கிலோமீட்டர் கூடிவிடும். வாயை மூடினால் குறையத்தான் வேண்டும். ஆனால் அவர் மூடியதை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரட்டடிப்பட்டி பால் சொசைட்டி முன்னால் ஜீப்பை நிறுத்தி, கையில் ஒரு படிவத்தோடு இறங்கினார்.

பால் ஊற்ற வந்தவர்கள் கேனும் கையுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். பாசன சங்கத் தலைவி ஒச்சம்மாவும் அதில் ஒருத்தி. சிகாமணியைப் பார்த்ததுமே அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? எந்த மடைக்கு என்றைக்குத் தண்ணீர் என்று வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கால் ஊழியரான லஸ்கர் ஓய்வு பெற்றுப் போனதும், இனி முறைத்தண்ணீர்ச் சேதியை தினமும் காலை ஆறரைக்கு ரேடியோவில் சொல்லிவிடலாம் என்று வாய்க்கால் ஆபீஸில் முடிவு செய்துவிட்டார்கள். ரேடியோ டவர் கரடு என்கிற பாறைக் குன்றுக்கு அந்தப் பக்கம், கரட்டடிப்பட்டி இந்தப் பக்கம். குறுக்கே நிற்கிற கரட்டைத் தாண்டி ஒரு சொல் வந்து சேரவில்லை. போன புதன்கிழமை தங்கள் மடைக்கு முறை வந்ததே ஊருக்குத் தெரியாது. தண்ணீர் வந்தது, மூடிக்கிடந்த மடையைப் பார்த்தது, அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒச்சம்மாவின் வயல் வெடித்துக் கிடந்தது.

கேட்காத ஊர் என்று ஒன்று இருந்தால் சொல்லுங்கள், கரட்டு உச்சியில் ஒரு சின்ன டவர் வைத்துத் தருகிறோம் என்று ரேடியோவின் மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சிகாமணியோ கேட்காத ஊரே கிடையாது என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்தக் கையோடு ஏதோ ஒரு விருதுக்கும் பெயர் கொடுத்துவிட்டார். அதற்கு ஊர் ஊராகக் கையெழுத்து வேண்டும். எல்லா ஊரும் முடிந்து கரட்டடிப்பட்டி மட்டும் பாக்கி. ஒச்சம்மா கையெழுத்துப் போட்டால் டவர் வராது. போடாவிட்டால் விருது வராது.

"தலைவியம்மா, 'நிகழ்ச்சிகள் தெளிவாகக் கேட்கின்றன'ன்னு போட்டிருக்கு. கீழே ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"கேக்கலையே சார்."

"அது உங்க நினைப்பும்மா. நம்ம ஸ்டேஷனோட வீச்சு உங்களுக்குத் தெரியாது" என்று காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் சிகாமணி. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் உட்கார்ந்துவிட்டான், இனி லேசில் எழுந்திருக்க மாட்டான்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ பன்னெண்டு கிலோமீட்டர்தான் போச்சு. டவர்ல ஏறினேன். ஒரே ஒரு நட்டு லூசா இருந்துச்சு. அதை அரைச்சுத்து முடுக்கினேன் பாருங்க, மதுரைல கேட்டுச்சு!"

"இன்னும் அரைச்சுத்து முடுக்கியிருக்கலாம்ல?" என்றார் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற சின்னமாயன். அவருக்கு அன்றைக்குச் சவாரி இல்லை. சும்மா இருக்கிறவருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எங்கே கிடைக்கும்?

"முடுக்கினேனே! சென்னைக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. அவங்க ஸ்டேஷன் எதுவும் கேக்கலையாம். பாவம்னு கால்சுத்து லூஸ் பண்ணிவிட்டேன்."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சிகாமணிக்கு அது கைதட்டலாகத் தெரிந்தது. குரலை உயர்த்தினார்.

"அதோட விட்டேனா? கல்யாண வீட்டுல சோறு வடிக்கிற செம்பு அண்டா ஒண்ணை வாங்கி ஆண்டெனாவுக்குப் பின்னாடி கட்டினேன். அலை அண்டாவுல பட்டு, மேற்கு மலையில மோதி, திரும்பி வந்துச்சு. எல்லாருக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ரெண்டு தடவை கேட்டுச்சு. போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவை. என்ன, மலை கொஞ்சம் தூரம். விதைக்கச் சொல்லி நாங்க சொன்ன சேதி திரும்பி வர்றதுக்குள்ள சனங்க அறுவடையை முடிச்சிட்டாங்க!"

"அடேயப்பா, அம்புட்டு நாள் எங்க சார் தங்குச்சு?" என்றாள் ஒச்சம்மா.

"மலையிலதான்மா. குளிருக்கு இதமா இருந்திருக்கும்." கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். "அப்புறம் அலையோட வலு கூடிப்போச்சு. டவர்ப் பக்கத்து வீடுகள்ல ரேடியோவே தேவையில்லை. குழம்புச் சட்டியில கரண்டியை வெச்சா செய்தி வரும். ஒருத்தருக்கு வெள்ளிப் பல்லு. வாயைத் திறந்தா பக்திப் பாட்டு, மூடினா விளம்பரம். ராத்திரி தூக்கமே இல்லைன்னு பல்லைப் பிடுங்கிட்டாரு. பிடுங்கின பல்லு டப்பாவுக்குள்ள இன்னும் பாடிக்கிட்டு இருக்கு."

"இந்தக் கேன்ல ஏதாச்சும் கேக்குதா பாருங்க" என்று சின்னமாயன் ஒரு பால் கேனில் காதை வைத்தார். "இல்லை சார். நுரை அடங்குற சத்தம்தான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிகாமணிக்கு முகம் லேசாகச் சிவந்தது. ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் நானில்லை என்று ஜீப்புக்குப் போய், ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து சுவரில் விரித்துப் பிடித்தார். தமிழ்நாடு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். நேயர் கடிதம் எந்த ஊரிலிருந்து வருகிறதோ, தபால் முத்திரையைப் பார்த்து அந்த ஊரில் ஒரு புள்ளி வைப்பதுதான் முல்லைச்சாரலில் வீச்சை அளக்கிற முறை. பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கடைசியில் எல்லை தாண்டித் திருப்பதி.

"எங்கெங்க இருந்து எழுதறாங்க பாத்தீங்களா? இதுக்கு என்ன சொல்றீங்க?"

சின்னமாயன் கிட்டே போய்ப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், இதெல்லாம் நான் போட்ட கார்டு."

"என்னது?"

"கோயில் சவாரி போற எடத்துல ஆளுக சாமி கும்பிட்டு வர வரைக்கும் எனக்குப் பொழுது போகாது. வேன் ரேடியோவைத் திருகிப் பாப்பேன். அப்புறம் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடுவேன்."

"அதான் நானும் சொல்றேன்! திருகிப் பாத்து, கேட்டு, எழுதியிருக்கீங்க!"

"எங்க கேட்டுச்சு? 'ஐயா, உங்க ஸ்டேஷன் பழனியில கேக்கலை. ஐயா, உங்க ஸ்டேஷன் திருச்செந்தூர்ல கேக்கலை'ன்னு எழுதுனேன். ஒருத்தரும் பின்பக்கம் திருப்பிப் படிக்கலையா?"

பால் அளக்கிறவர் அளவையை வைத்துவிட்டுச் சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சிகாமணியா போவார்?

"கேக்கலைன்னு எழுதணும்னா, இப்படி ஒரு ஸ்டேஷன் இருக்குன்னு திருப்பதி வரைக்கும் தெரிஞ்சிருக்குல்ல? அதுதாங்க வீச்சு!" என்றார். அதே மூச்சில் மேலே ஏறினார். "உள்நாட்டை விடுங்க. மஸ்கட்ல ஒருத்தர், நம்ம பக்கத்து ஆளு, கட்டட வேலைக்குப் போனவரு, தினமும் கேக்குறாரு. நமக்கு ஆறரைன்னா அங்க அஞ்சு மணி. எந்திரிச்சதும் முறைத்தண்ணீர்ச் சேதி கேட்டுட்டுத்தான் பல்லே விளக்குவாரு. உங்க மூணாம் நம்பர் மடை அவருக்கு மனப்பாடம். போன வாரம் என்கிட்ட போன் பண்ணிக் கேக்குறாரு, 'புதன்கிழமை கரட்டடிப்பட்டிக்கு முறைன்னு அவ்வளவு தெளிவாச் சொன்னீங்களே, அந்த ஊர்க்காரங்க ஏன் சார் மடையைத் திறக்கலை? தூங்கிட்டாங்களா?'ன்னு!"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒச்சம்மாவுக்குக் கோபம் வந்தது. சொசைட்டி அலமாரியில் இருந்த ரேடியோவை எடுத்து, முல்லைச்சாரலில் முள்ளை வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி அவர் முன்னால் வைத்தாள். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை.

"நீங்களே கேளுங்க சார்."

சிகாமணி காதைச் சாய்த்துக் கேட்டார். ரேடியோவைத் தூக்கினார், தட்டினார், திருப்பி வைத்தார். இரைச்சல் அப்படியேதான் இருந்தது. ஒரே ஒரு நொடிதான் தடுமாறினார்.

"புரிஞ்சுபோச்சு! தப்பு உங்க ஊருமேலம்மா. நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்க. மஸ்கட் வரைக்கும் பாயுற அலை, பக்கத்துல இருக்குற உங்களுக்கா குனிஞ்சு நிக்கும்? தலைக்கு மேல தாண்டிப் போகுது. அது கேக்காம இருக்குறதுதான் நம்ம ஸ்டேஷன் வலுவுக்கே அத்தாட்சி. போடுங்க கையெழுத்தை."

ஒச்சம்மா படிவத்தை வாங்கினாள். பால் அளக்கிறவரிடம் பேனா கேட்டு, 'கேட்கின்றன' என்ற சொல்லை அடித்து, மேலே 'கேட்கவில்லை, டவர் வேண்டும்' என்று எழுதினாள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, சுருக்குப் பையில் வைத்திருந்த பாசன சங்க முத்திரையையும் குத்தி நீட்டினாள்.

"இப்படி எழுதினா எப்படிம்மா? எனக்கு விருது..."

"கேக்குதுன்னு சொல்ற ஆளு கையெழுத்துதானே சார் வேணும்? அதை மஸ்கட்டுக்கு அனுப்பி வாங்கிக்கங்க. அப்படியே அவரு போன் நம்பரை எனக்குக் குடுத்துட்டுப் போங்க. டவர் வர்ற வரைக்கும் எங்க மடைக்குத் தண்ணி என்னைக்குன்னு அவருகிட்டயே கேட்டுக்கிறோம்."