நல்லகுற்றாலத்தின் முழங்கை வழவழப்பான வரலாறு

பூவலிங்கபுரம் கீழத்தெரு நான்காம் இலக்க வீட்டில் வசிப்பவரும், காலஞ்சென்ற சொள்ளமுத்துவின் தலைமகனும், பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் பொட்டலக் காகிதங்களைப் படித்தே புலமை எய்தியவருமான திருவாளர் நல்லகுற்றாலம் அவர்களுக்கு, இக்கதை தொடங்கும் காலையில் வயது ஐம்பத்தொன்பது ஆண்டு, பதினோரு மாதம், பத்தொன்பது நாள்.

எங்கள் ஊரில் அறிவுக்குக் குறைவே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லையாதலால், முன்னோர் வைத்துவிட்டுப் போனது அப்படியே இருக்கிறது.

நல்லகுற்றாலத்துக்கு இன்னும் பதினோரு நாளில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தற்காரரிடமும் சொல்லியாயிற்று. அந்த நிலையில்தான் அவருடைய மனைவி முப்பிடாதி அம்மாள் தம் முடிவைத் தெரிவித்தார்.

“நம்ம கல்யாணப் பட்டு, வளைகாப்புப் பட்டு, மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. மூணுலயும் உங்க முழங்கை பட்டு இழை இழுத்துட்டு. பனைமட்டைக் கருக்குக்குப் பக்கத்துல உக்காந்தாலும் உக்காருவேன். அந்தக் கை வழவழன்னு ஆகாம, புதுப்பட்டைக் கட்டிக்கிட்டு மணவறையில உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்.”

மணமகள் வராத மணவறையில் தாலியை யாருக்குக் கட்டுவது என்று எண்ணி நல்லகுற்றாலம் கலங்கினார். ஆவணி பதினாறாம் நாள், சனிக்கிழமை காலை, நாட்காட்டித் தாளைக் கிழித்தபோது அதன் பின்புறத்தில் விடை அச்சாகியிருந்தது: ‘சொரசொரப்பான தோலுக்கு வீட்டிலேயே தேய்ப்புப் பூச்சு.’

உடனே தம் சகலைகள் இருவருக்கும் ஆள் அனுப்பினார். முப்பிடாதியின் முதல் தங்கையை மணந்த வேலாண்டிக்கு எதிலும் சந்தேகம் வரும். இளைய தங்கையை மணந்த புலமாடன் எந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவைப்பார். இவ்விருவருக்கும் இடையே அகப்பட்ட காரியம் எதுவும் இதுவரை மீண்டதில்லை.

ஒரு வரியைச் செய்து முடிக்காமல் அடுத்த வரிக்குக் கண்ணை ஓட்டுவது படிப்பாளிக்கு அழகன்று என்பது நல்லகுற்றாலத்தின் கொள்கை. எனவே முதல் வரியை மட்டும் உரக்கப் படித்தார்: “நாட்டுச்சர்க்கரை ஒரு கிண்ணம், தேங்காய் எண்ணெய் அரைக் கிண்ணம், காப்பித்தூள் இரண்டு கரண்டி. நன்றாகக் கலக்கவும்.”

கலந்தார்கள். புலமாடன் ஒரு விரல் நக்கிப் பார்த்து, ஏலக்காய் இல்லாத குறையை எடுத்துரைத்தார். தாளில் ஏலக்காய் இல்லாததால் மூவரும் வருத்தத்துடன் விட்டுவிட்டனர்.

இரண்டாம் வரி: “சிறிது எடுத்து, வட்ட வட்டமாகத் தேய்க்கவும்.”

“எவ்வளவு பெரிய வட்டம் அண்ணாச்சி?” என்றார் வேலாண்டி.

அம்மிமேல் முப்பிடாதி கழற்றி வைத்திருந்த வளையலைப் புலமாடன் எடுத்துவந்தார். அதை வைத்து, மணிக்கட்டிலிருந்து தோள்வரை இரண்டு கைகளிலும் சுண்ணாம்பால் வட்டங்கள் வரைந்து, கோட்டுக்கு வெளியே போகாமல் தேய்த்தார்கள்.

“வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல எடம் மிச்சம் கெடக்கே?”

“அதுல ஒத்த ரூவாத் துட்டை வச்சு வட்டம் போடும்.”

“துட்டுக்கும் வளையலுக்கும் நடுவுல?”

“கடுகு.”

கடுகும் வந்தது. வேலாண்டி நெடுநேரம் குனிந்து பார்த்தார். “கடுகுக்கும் கடுகுக்கும் நடுவுலயும் எடம் இருக்கு அண்ணாச்சி.”

நல்லகுற்றாலம் தீர்ப்பளித்தார். “கடுகை விடச் சின்னதெல்லாம் புறம்போக்கு. விட்டுரும்.”

மூன்றாம் வரி: “பத்து நிமிடம் ஊற விடவும்.” கொல்லையில் துவைகல்மேல் கைகளை நீட்டி அமர்ந்தார். ஆறாம் நிமிடம் எறும்புகள் வந்து சேர்ந்தன.

“ஏ புலமாடா, கடிக்குதுவே! கழுவும்!”

“இன்னும் நாலு நிமிசம் இருக்கு அண்ணாச்சி. எறும்புக்காக அச்சடிச்சதை மாத்த முடியுமா?”

வேலாண்டி எறும்புகளைக் கூர்ந்து கவனித்தார். “தரையில நேரா வருதுக. அண்ணாச்சி கையில ஏறினதும் வட்ட வட்டமாச் சுத்துதுக.”

“அப்ப அதுகளும் படிச்சிருக்கு,” என்றார் புலமாடன் மரியாதையோடு.

பத்து நிமிடம் முடிந்து கழுவியபோது முழங்கை உரித்த நுங்கைப் போல் வழவழத்தது. நல்லகுற்றாலம் அதைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்க்க முயன்று, எட்டாததால் புலமாடன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆனந்தத்தோடு கடைசி வரியைப் படித்தார்: “இதனால் இறந்த செல்கள் அனைத்தும் நீங்கிவிடும்.”

வேலாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“எத்தனை பேரு அண்ணாச்சி?”

“லட்சத்துக்குக் குறையாதுவே.”

“உங்க உடம்புல பொறந்ததுக. உங்க பிள்ளைகதான். தீட்டு பதினாறு நாளு. கல்யாணத்துக்குப் பதினோரு நாளுதான இருக்கு?”

கல்யாணத்துக்காகக் கையைத் தேய்த்து, கையால் கல்யாணம் நின்றதே என்று நல்லகுற்றாலம் விம்மினார். வளையலைத் தேடிக்கொண்டு வந்த முப்பிடாதி, விவரத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“அதெல்லாம் என்னைக்கோ செத்தது. முப்பத்தாறு வருசமா அந்தக் கையில தேய்ச்சுக் குளிக்க ஒரு பீர்க்கங்கூடு பட்டதுண்டா?” வளையலைக் கழுவிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“கேட்டீங்களா! என்னைக்கோ செத்தது. பதினாறு நாளு எப்பவோ கழிஞ்சு போச்சு!” என்று புலமாடன் துள்ளினார். மூவரும் கட்டிக்கொண்டார்கள். அந்த அணைப்பிலிருந்து முதலில் விலகியவர் வேலாண்டி.

“அப்ப, உங்க கல்யாணத்தன்னைக்கு அதுகளை எடுக்கல?”

“எடுக்கல.”

“தெருவுல ஒரு பொணம் கெடந்தா, எடுக்கிற வரைக்கும் கோயில் நடையைச் சாத்துதோம். மாப்பிள்ளை மேலேயே லட்சம் கெடந்திருக்கே. அது கல்யாணத்துல சேருமா?”

சனி பகல் முழுதும், ஞாயிறு பகல் முழுதும் ஆராய்ந்தார்கள். சேராது என்று முடிவாயிற்று. ஆகவே நல்லகுற்றாலம் இன்னும் பிரமசாரி. பிரமசாரி ஒருவர் ஊரார் பார்க்க ஒரு பெண்ணின் வீட்டில் தங்குவது முறையன்று என்பதால், பெட்டியோடு வேலாண்டி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். இனி வழி ஒன்றுதான். திங்கட்கிழமை இராகுகாலம் கழிந்ததும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவுடன் நான்காம் இலக்க வீட்டு வாசலில் மூவரும் நின்றனர்.

“மதினி, ஒரு வரன் வந்திருக்கு. நல்ல எடம்,” என்றார் புலமாடன்.

முப்பிடாதி ஈரக்கையைத் துடைத்தபடி, பின்னால் தலைகுனிந்து நின்றவரைப் பார்த்தார். முப்பத்தாறு ஆண்டு அனுபவம் அவருக்கு, ஆச்சரியப்படவில்லை.

“மாப்பிள்ளைக்குக் குடும்பம் உண்டா தம்பி?”

“ஒரு மகன், ரெண்டு பேரன்.”

“முன்னாடி கல்யாணம் ஆயிருக்கோ?”

“ஆன மாதிரி இருந்துச்சு மதினி. விசாரிச்சதுல ஆகலைன்னு தெரிஞ்சுது.”

“முழங்கையைக் காட்டச் சொல்லுங்க.”

பீரோவிலிருந்து புதுப்பட்டை எடுத்துவந்து, முந்தியை அந்த முழங்கைமேல் ஒருமுறை இழுத்தார், மறுமுறையும் இழுத்தார். ஓர் இழையும் மாட்டவில்லை.

“எனக்குச் சம்மதம்.”

“உங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கா அண்ணாச்சி?” என்று வேலாண்டி காதோரம் கேட்டார்.

நல்லகுற்றாலம் நாணத்துடன் நிமிர்ந்து பார்த்து, ஆழ்ந்து யோசித்தார். “பிடிச்சிருக்கு. ஆனா எங்கேயோ பாத்த மொகமா இருக்கு. நல்லா விசாரியும்வே.”

“நமக்குத் தெரிஞ்ச பொம்பளைதான். எங்க மூத்த சகலையோட சம்சாரம்.”

“அப்ப அவருக்கு ஆட்சேபணை இருக்காதோ?”

இது நியாயமான கேள்வி என்று மூவரும் ஒப்புக்கொண்டனர். ஆகையால், மூத்த சகலை என்ற முறையில் தமக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லையென நல்லகுற்றாலம் தம் கைப்பட எழுதி, மாப்பிள்ளை என்ற முறையில் அதைத் தாமே பெற்றுக்கொண்டு படித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, சம்பந்தம் பேசி முடிக்கப்பட்டது: ஆவணி மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை மணி ஒன்பதே முக்கால்.